ஒரு கிளிப்புக்காக முழு டோர் பேடையும் மாற்றணுமா?

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க வரும் கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பின் சீட் மடக்கப்பட்டிருக்கும். டிக்கியிலிருந்து டிரைவர் சீட்டின் முதுகு வரை பனியன் மூட்டையும் அட்டைப்பெட்டியும் திணித்திருப்பார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும் அதே கார்தான், சரக்கு ஏற்றவும் அதே கார்தான்.

மூட்டையை இழுக்கும்போது முதலில் அடி வாங்குவது டிக்கி வாசலின் பிளாஸ்டிக் பட்டை. அடுத்து டோர் பேட், சீட் ஓரத்து மூடி, கதவின் உள் கைப்பிடி. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படிக் காய்ந்த பிளாஸ்டிக், லேசாகத் தட்டினாலே விரிசல் விடும்.

உடைந்ததைக் காட்டி, "ஏனுங்ணா, இந்தத் துண்டு மட்டும் கெடைக்காதுங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, முழு செட்டாத்தான் வரும்" என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது. பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால், உடைந்தது பாகமா, அதைப் பிடித்திருக்கும் கிளிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கிளிப்பா, பாகமா?

காரின் உள்பக்க பிளாஸ்டிக் பெரும்பாலும் ஸ்க்ரூவில் நிற்பதில்லை. சின்னச் சின்ன கிளிப்புகளில்தான் நிற்கிறது. பேட் ஆடுகிறது, கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் கிளிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். கார் ஆக்ஸசரீஸ் கடைகளில் கிளிப் தனியாகவே கிடைக்கும். பழைய கிளிப்பை மாதிரிக்குக் கையோடு எடுத்துப் போவது நல்லது. கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால், கிளிப்போடு சேர்ந்து பேடும் கீறும். இதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல் விற்கிறார்கள்.

பாகமே உடைந்திருந்தால், அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பிபி, ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதன் அடையாளம். ஏபிஎஸ் என்றால் நல்ல பசை பிடிக்கும். பிபி என்ற பாலிப்ரொப்பிலீனில் சாதாரண இன்ஸ்டன்ட் பசை நிற்காது; இன்று ஒட்டினால் நாளை கையோடு வரும். அதற்குச் சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். பம்பர் வேலை செய்பவர்கள், சூடாக்கிய கம்பியை விரிசலின் குறுக்கே பின்பக்கமாகப் பதித்துத் தையல் போல இறுக்குவார்கள். முன்பக்கம் தெரியாது.

த்ரீடி பிரின்டிங்கில் பாகம் செய்து தருபவர்களும் உண்டு. அங்கே என்ன பொருளில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது.

எதை ஒட்டவே கூடாது?

இதில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. முன் கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் தூண் மூடிக்குப் பின்னால், பல கார்களில் கர்ட்டன் ஏர்பேக் சுருண்டு கிடக்கும். விபத்து நேரத்தில் அந்த மூடி சரியான விதத்தில் விலகி வழிவிட்டால்தான் ஏர்பேக் விரியும். அங்கே எம்-சீல் அப்பிவிட்டால், ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். மூடியே துண்டாகித் தலையில் அடிக்கலாம். ஏர்பேக் என்ற எழுத்து இருக்கும் எந்த மூடியையும் ஒட்டவோ, பழைய பாகம் வாங்கிப் பொருத்தவோ வேண்டாம். சர்வீஸ் சென்டரில் புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

கதவின் உள் கைப்பிடியும் அப்படித்தான். "ஜன்னலை இறக்கி வெளியே கைவிட்டுத் திறந்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அவசரத்தில் பின் சீட்டுக் குழந்தைக்கும் பாட்டிக்கும் அது முடியாது.

எங்கே வாங்குவது?

காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், பாகத்தின் சரியான எண்ணை டீலரிடம் எடுத்துவிடலாம். கறுப்புக்கு ஓர் எண், பழுப்புக்கு வேறோர் எண் இருக்கும். நிறத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். பில்லில் சரிபாருங்கள்.

தயாரிப்பு நின்றுபோன கார்களுக்குச் சிரமம் அதிகம். மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது. ஷெவர்லே விற்பனை 2017 கடைசியில் நின்றது. ஃபோர்டு 2021-ல் விலகலை அறிவித்தது. இவற்றுக்குக் கோவை உக்கடமும் சென்னை புதுப்பேட்டையும் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஃபர்ஸ்ட் குவாலிட்டி எது, செகண்ட்ஸ் எது என்று துணியைத் தொட்டே சொல்லும் காதர்பேட்டைக்காரர்களுக்கு இங்கே பாடம் தேவையில்லை. இடதா வலதா, கிளிப் மாட்டும் காதுகள் முழுசாக இருக்கின்றனவா, நிறம் வெளுத்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்தால் போதும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பழசாகி உடைந்தால் கிடையாது. விபத்தில் உடைந்திருந்தாலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவிகிதம் தேய்மானம் கழிப்பார்கள். 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால் அதற்கு மேல் ரூ.1,000 நம் பங்கு. பாகம் ரூ.5,000 என்று வைத்துக்கொண்டால், அதற்காகக் கைக்கு வருவது ரூ.1,500 மட்டுமே. கூடவே, க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் 20 முதல் 50 சதவிகித போனஸும் போய்விடும். சின்னத் துண்டுக்கு க்ளெய்ம் போடாமல் இருப்பதே லாபம்.

வாரண்டி இருக்கும்போது தானாகக் கழன்றிருந்தால், பசை போடாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். நியாயமான காரணம் சொல்லாமல் தட்டிக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அடுத்த முறை மூட்டை ஏற்றும்போது, டிக்கி வாசலில் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். இழுத்தாலும் பட்டை தப்பிக்கும்.