பின்சக்கர பிரேக் பேடு மாற்றுமுன்...

பெருநாள் விருந்திற்கோ, உறவினர் இல்லத் திருமணத்திற்கோ குடும்பத்துடன் காரில் புறப்படுமுன் பெட்ரோலையும் டயரின் காற்றையும் பார்ப்பவர் பலர். பிரேக்கைப் பார்ப்பவர் சிலரே. அதிலும் பின்சக்கர பிரேக் பெரும்பாலும் மறக்கப்பட்டு விடுகிறது.

நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்னே டிஸ்க் பிரேக்கும் பின்னே டிரம் பிரேக்கும் இருக்கும். டிரம்மினுள் இருப்பது பிரேக் ஷூ. அதை மாற்றும் முறை வேறு. பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களைப் பற்றியே இங்குக் கூறுகிறோம்.

புதிய பேடின் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் கொண்டது. அது 3 மி.மீ. அளவிற்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவதே நலம். சக்கரத்தின் இடுக்கு வழியே நமக்குத் தெரிவது வெளிப்புறப் பேடு மட்டுமே. காலிப்பர் நகர்வதற்கான பின்கள் துருவேறி இறுகிவிட்டால், வெளிப்புறப் பேடு நன்றாக இருக்கும்போதே உட்புறப் பேடு தகடுவரை தேய்ந்திருக்கக் கூடும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்க வேண்டும்.

முன்சக்கரத்தில் புதுப் பேடு பொருத்த, காலிப்பரின் பிஸ்டனை நேராக உள்ளே அழுத்தினால் போதும். பின்சக்கரத்தில் அவ்வாறு செய்யலாகாது. பல கார்களில் ஹேண்ட் பிரேக்கும் அதே பிஸ்டன் வழியாகவே இயங்குகிறது. அதற்கென உள்ளே ஒரு திருகு அமைப்பு உண்டு. பேடு தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்வதும் அதுவே. இத்தகைய பிஸ்டனை, அதற்குரிய கருவியால் திருகிக்கொண்டே உள்ளே செலுத்த வேண்டும். வலிந்து அழுத்தினால் உள்ளமைப்பு பழுதாகும். பின்னர் சரிவில் நிறுத்திய வண்டி ஹேண்ட் பிரேக்கிற்குக் கட்டுப்படாது உருளலாம். அதன் பின்னால் குழந்தைகள் விளையாடிக் கொண்டிருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தி இயக்கும் மின் ஹேண்ட் பிரேக் உள்ள காரில், முதலில் அதனைப் பராமரிப்பு நிலைக்குக் கொணர்ந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

வீட்டிலேயே இவ்வேலையைச் செய்பவர்கள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்துக் கொள்க. கழற்றிய காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுக. பிரேக் ஹோஸ் அதன் பாரத்தைத் தாங்கலாகாது. பிரேக் தூசியை ஊதாதீர்கள். அது நுரையீரலுக்குத் தீங்கானது. இடம், வலம் இரு சக்கரங்களிலும் சேர்த்தே பேடு மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே வண்டியைக் கிளப்பக் கூடாது. முதல் மிதியில் பெடல் அடிவரை இறங்கக்கூடும். அது இறுகும்வரை பல முறை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் சோதித்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே சாலைக்கு வர வேண்டும்.

மெக்கானிக்கிடம் விடுபவர்கள், "பின் பிஸ்டனைத் திருகித்தானே உள்ளே செலுத்துவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர் அக்கேள்வியால் கோபம் கொள்ள மாட்டார்.