செத்த வண்டியை யாரு எடுக்கிறது?

எங்க வாழைத்தோட்டத்து வரப்பு முடியிற இடத்துல, புங்க மரத்தடியில ஒரு மெட்டடோர் வேன் கெடக்கு. அப்பா வாங்கினது. ஏத்தன் தார் ஏத்திக்கிட்டு களக்காட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓடின வண்டி. அது சம்பாதிச்ச காசுலதான் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாலேயே வண்டி நின்னுபோச்சு. இப்போ டயர் பாதி மண்ணுக்குள்ள. ஜன்னல் வழியா கோவைக்கொடி எட்டிப் பார்க்குது. "அந்தச் சவத்த எப்பல எடுக்கப் போற?"ன்னு அம்மா கேக்காத வாரம் இல்லை.

போன ஐப்பசி மழையில கொசுப்புழு பார்க்க ஒரு பொண்ணு வந்தது. வண்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, ஊர்ல உள்ள சட்டி, உரல், தேங்காச் சிரட்டை எல்லாம் கவுத்தாச்சு. இதை நான் எப்படிக் கவுக்க?"ன்னு கேட்டது. எனக்குப் பதில் இல்லை. அடுத்த மாசம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில ஆறு நாள். அது எங்க வண்டியில பிறந்த கொசுன்னு யாரும் சொல்ல முடியாது. இல்லைன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை.

நான் மட்டும்னு நினைக்காதீங்க. நம்ம பக்கம் எந்த ஊருக்குள்ள வேணும்னாலும் போய்ப் பாருங்க. குளத்தங்கரையில சக்கரம் இல்லாத டிரெய்லர், மாட்டுத் தொழுவுக்குப் பின்னால பவர் டில்லர், முள்ளுக்காட்டுக்குள்ள ஜீப். பெட்டியில மிச்சம் இருக்கிற ஆயிலும், பேட்டரியில இருக்கிற ஈயமும் ஆசிடும் மழைத்தண்ணியோட எங்க போகும்? மேலே புலிகள் காப்பகம்னு காட்டைக் காவல் காக்கிறோம். அந்த மலைத்தண்ணி கீழே வந்து இந்தத் துருவைக் கழுவிக்கிட்டு நம்ம வயலுக்குள்ளதான் பாயுது.

"ஆக்கர் கடையில போட வேண்டியதுதானே"ன்னு சுலபமா சொல்றாங்க. போடலாம். கேஸ் வச்சு அரை நாள்ல அறுத்துருவாங்க. ஆயில் எங்க கொட்டும், சீட்டும் டயரும் எங்க எரியும்னு கேக்காதீங்க. ஆனா புத்தகம்? ஆர்.சி. அப்பா பேர்ல இருக்கு. வண்டி இனி ஓடாதுன்னா 14 நாளுக்குள்ள பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்லுது. பதிவை ரத்து பண்ணாம அறுத்தா இரும்புதான் போகும், நம்பர் உசுரோட இருக்கும். நாளைக்கு அந்த நம்பரை ஒருத்தன் திருட்டு வண்டியில ஒட்டினா, செத்துப்போன எங்க அப்பா பேர்ல வழக்கு வரும்.

சட்டமே இல்லைன்னு சொல்ல வரலை. 2021-லேயே வாகனங்களை உடைக்கிறதுக்குன்னு தனி விதி வந்தாச்சு. அங்கீகாரம் வாங்கின கூடத்துல வண்டியை ஒப்படைச்சா வைப்புச் சான்றிதழ் தருவாங்க. முதல்ல ஆயிலையும் பேட்டரியையும் பிரிச்செடுத்துட்டு அப்புறம்தான் உடைக்கணும். சான்றிதழைக் காட்டினா, சொந்த உபயோகத்துக்குப் புது வண்டி வாங்கும்போது வரியில 25 சதவீதம் வரைக்கும் சலுகை. நல்ல திட்டம்தான். யாருக்கு? புது வண்டி வாங்குறவனுக்கு. வண்டியை எடுத்தாப் போதும்னு நிக்கிறவனுக்கு அந்தச் சலுகையால என்ன பிரயோஜனம்? கூடம் எல்லாத் தாலுகாவிலும் இல்லை. நகராத வண்டியைக் கிரேன் வச்சுத் தூக்கி, லாரியில ஏத்தி, அங்க போய் இறக்குற கூலிக்கு இரும்பு விலையே காணாது. அதுக்கு மேல வரி பாக்கி, வங்கிக் கடன் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது.

2025 ஏப்ரல் 1-லிருந்து இன்னொரு விதி நடைமுறைக்கு வந்துருக்கு. வண்டி தயாரிக்கிற கம்பெனிதான் அதோட கடைசிக் காலத்துக்கும் பொறுப்புன்னு அது சொல்லுது. படிச்சதும் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் தள்ளிப் படிச்சா டிராக்டர், விவசாய டிரெய்லர், அறுவடை இயந்திரம், பவர் டில்லர் இதுக்கெல்லாம் விலக்கு!

"விவசாயிக்குச் சலுகைதானே வே, அதுக்கு ஏன் கோபப்படுறீரு?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். டிராக்டரை இத்தனை வருஷத்துல உடைச்சே ஆகணும்னு கட்டாயப்படுத்தாம இருக்கிறது சலுகை. அது வேணும். நாப்பது வருஷ டிராக்டரும் நம்ம ஊர்ல உழும். ஆனா செத்த டிராக்டரைத் திரும்ப வாங்குற பொறுப்புல இருந்து கம்பெனியை விடுவிச்சா, அது யாருக்குச் சலுகை? விக்கும்போது தெருத்தெருவா வந்து, கடன் ஏற்பாடு பண்ணி, மாலை போட்டுச் சாவி கொடுக்கத் தெரியுதுல்ல? எடுக்கிறதுக்கு மட்டும் வழி தெரியாதா?

பனி மூடிக் கெடக்கிற நார்வேயில 1978-லேயே இதுக்கு ஒரு வழி பண்ணிட்டாங்க. வண்டிக்கு முன்கூட்டியே ஒரு தொகை வசூல் பண்றாங்க. பழசானதும் கொண்டுபோய் ஒப்படைக்கிறவனுக்குப் பணம் கிடைக்கும். சோடா பாட்டில் கணக்குதான். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா காசு, அதனால எவனும் தெருவுல போடமாட்டான்.

நான் கேக்கிறது பெருசு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால, ஆவணி மாசம் தாலுகாவுக்கு ஒரு முகாம் போடுங்க. மோட்டார் வாகன ஆய்வாளரும், தாசில்தார் ஆபீஸ் ஆளும், உடைக்கிற கூடத்துக்காரரும் ஒரே பந்தல்ல உக்காரட்டும். வாரிசுச் சான்றிதழ், பதிவு ரத்து, எடை, பணம் எல்லாம் அங்கேயே முடியட்டும். ஓடாத காலத்து வரியைத் தள்ளுபடி பண்ணுங்க. கிரேன் செலவைக் கம்பெனிகள்கிட்ட வாங்குங்க. டிராக்டரையும் டிரெய்லரையும் அந்தக் கணக்குல சேருங்க.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. "அப்பா ஞாபகமா கெடக்கட்டும்"னு நானே நாலு வருஷம் சாக்குச் சொன்னேன். அப்பா ஞாபகத்துக்கு அந்த வண்டியோட ஆரன் போதும். கழட்டி வீட்டுல வச்சாச்சு. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துருக்கேன். வரி பாக்கி எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்தேன், தலை சுத்துது. உங்க தோட்டத்துலயும் இப்படி ஒண்ணு கெடந்தா, முதல்ல ஆர்.சி. யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க. பேட்டரியைக் கழட்டுங்க. தண்ணி தேங்காம டயரை ஓட்டை போடுங்க. மழைக்கு இன்னும் நாள் இருக்கு.