பட்ட மரம் யாருக்குச் சொந்தம்?

பட்ட மரம் என்று சொல்லும்போதே அதன் தலைவிதியையும் நாம் முடிவு செய்து விடுகிறோம். வெட்டி அடுப்புக்கு அனுப்ப வேண்டியதுதானே! ஆனால் இதே பட்ட மரங்களுக்காக ஐரோப்பாவில் ஓர் அரசே நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. போலந்துக்கும் பெலாரசுக்கும் இடையே பரந்து கிடக்கும் பியாவோவியேஜா காட்டைப் பற்றித்தான் சொல்கிறோம். ஐரோப்பியச் சமவெளியில் எஞ்சியுள்ள பழங்காடுகளில் முதன்மையானது அது. 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. காட்டெருமைகளைப் பார்க்கவே பலர் அங்கே செல்கின்றனர்.

அங்கே ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டுகள் தாக்கின. மரங்கள் பெருமளவில் காய்ந்தன. 2016 மார்ச் மாதம், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ, காட்டின் ஒரு சரகத்தில் பத்தாண்டுகளுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த 63,471 கன மீட்டர் வெட்டு அளவை 1,88,000 கன மீட்டராக உயர்த்த ஒப்புதல் தந்தார். ஏறத்தாழ மூன்று மடங்கு! ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. அப்படியும் வெட்டு ஓயவில்லை. நவம்பரில், தடையை மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ அபராதம் என்று எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று, போலந்து ஒன்றியத்தின் சட்டத்தை மீறியுள்ளது என்று தீர்ப்பளித்தது.

வெட்டியவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காய்ந்த மரம் பாதையில் செல்வோர் தலையில் விழலாம். காட்டோரக் கிராமத்தாருக்கு அது விறகு, கூலி, பிழைப்பு. நகரத்திலிருந்து வந்து கோஷமிடுவோர் திரும்பிப் போய்விடுவார்கள், அங்கே வாழ்பவர்கள் நாங்கள்தானே என்ற அவர்கள் கோபத்தை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் வண்டைத் தடுக்கத்தான் வெட்டுகிறோம் என்ற வாதம் அவ்வளவாக நிற்கவில்லை. மரம் காய்ந்து பட்டை உரியும் நிலையில் வண்டு ஏற்கெனவே வெளியேறியிருக்கும். அதன்பின் அந்த மரத்தை அகற்றினால் யாரை விரட்டுகிறோம்?

குடியிருப்பவரைத்தான்! அதாவது பூஞ்சைகளை. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின் என்னும் பொருள். அதை முழுமையாகச் சிதைக்க வல்லவை பெரும்பாலும் சில பூஞ்சைகளே. விழுந்த பெருமரம் ஒன்று மண்ணாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். முதலில் ஒரு கூட்டம் நுழையும். அது மரத்தை மென்மையாக்கிய பின்னரே அடுத்த கூட்டம் வரும். சில இனங்களுக்குப் பருத்த, வயதான மரமே வேண்டும். சுள்ளிகளைப் போட்டு அவற்றை ஏமாற்ற முடியாது. பின்லாந்தில் மட்டும் 4,000 முதல் 5,000 உயிரினங்கள் பட்ட மரத்தை நம்பி வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர். இயற்கையான காட்டில் ஹெக்டேருக்கு 60 முதல் 120 கன மீட்டர் வரை பட்ட மரம் கிடக்கும். அந்நாட்டின் தென்பகுதி வணிகக் காடுகளிலோ ஏறத்தாழ 5 கன மீட்டர்தான். 'சுத்தமான' காடு என்பது இதுதான்.

மண்ணுக்கடியில் நடப்பது வேறு கதை. அங்குள்ள பூஞ்சை இழைகள் உயிருள்ள வேர்களைப் போர்த்தி, நீரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கொண்டு வந்து கொடுக்கின்றன; மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. முழுக்காட்டையும் ஒரே வீச்சில் வெட்டினால் சர்க்கரை நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பூஞ்சைகளும் பெரும்பாலும் மறைந்துவிடும். கனரக இயந்திரங்கள் மண்ணை இறுக்குவது தனிக் கேடு. சுவீடனில் சில மரங்களை உயிரோடு விட்டுவிட்டு வெட்டும் முறை உண்டு. எவ்வளவு மரம் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் வேர்ப்பூஞ்சையும் பிழைக்கிறது. பெயருக்கு நாலு மரம் விட்டால் பெயருக்குத்தான் பூஞ்சையும்.

போலந்துக் குடும்பங்களில் கிறிஸ்மஸ் முந்தின இரவு விருந்தில் உலர்ந்த காட்டுக் காளான் இருக்கும். அதற்குப் பெயர்பெற்ற போரோவிக் காளான் உயிருள்ள மர வேரோடு மட்டுமே வாழும் இனம். மரத்தை இழந்தால் விருந்தும் இல்லை. இதை அந்நாட்டுப் பாட்டிமார் அறிவியலாளர்களுக்கு முன்பே அறிவர் என்று நினைக்கிறோம்.

இந்த விவாதத்தில் வெட்டுதலை ஆதரித்தோர் சிலர், தொடக்க நூலில் பூமியின் மீது மனிதனுக்குத் தரப்பட்ட அதிகாரத்தைச் சுட்டிக்காட்டினர். அதனால் நாமும் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. வெட்டு அளவு உயர்த்தப்படுவதற்கு முந்தைய ஆண்டே, அதாவது 2015-இல், திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 34-ஆம் பத்தியில் பூஞ்சைகள் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. கத்தோலிக்க நாடு ஒன்றில் அந்தப் பத்தி போதிய அளவு வாசிக்கப்படவில்லை என்பது நமக்கு வருத்தம்தான்.

2024 ஜூன் 17 அன்று ஐரோப்பிய ஒன்றியம் இயற்கை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. போலந்து, பின்லாந்து, சுவீடன் உட்பட ஆறு நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. காடுகள் மிகுந்த நாடுகள் எதிர்த்ததில் வியப்பில்லை. காடுகளின் நிலையை அளக்க அச்சட்டம் ஏழு குறியீடுகளைத் தந்து, குறைந்தது ஆறில் முன்னேற்றம் காட்டச் சொல்கிறது. நின்றபடி பட்ட மரம் ஒன்று, விழுந்து கிடக்கும் மரம் மற்றொன்று. ஆகவே ஒரு நாடு இவற்றில் ஒன்றைத் தவிர்க்கலாம். இரண்டையும் தவிர்க்க இயலாது. இந்த ஏழுக்கும் மேலாகக் காட்டுப் பறவைகளை எண்ணுவதற்கும் ஏற்பாடு உண்டு. பூஞ்சைகளை எண்ணுவதற்கு ஏற்பாடு இல்லை.