வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட்

நம் ஒடுகத்தூர், ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் தொழிலுக்காகக் கான்பூர், கல்கத்தா என்று குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. பிள்ளைகளும் அங்கேயே படிக்கிறார்கள். "நாம தமிழ்நாட்டுக்காரங்கதானே, அப்புறம் என்ன?" என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே!

பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இந்தச் சான்று தேவையில்லை. எம்.பி.பி.எஸ்ஸுக்கு ஆறாவதிலிருந்து கணக்கு. நடுவில் ஒரு வருஷம் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் தாசில்தார் தரும் பிறப்பிடச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் அரசு ஒதுக்கீட்டு இடம் கைநழுவிப் போகும். அப்புறம் தனியார் கல்லூரிக்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும்.

ஒடுகத்தூர்க்காரர்களுக்கு அணைக்கட்டு தாலுகா. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்துத் தாசில்தாருக்கு அனுப்புவார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், டி.சி., பெற்றோர் இங்கே படித்த பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பெயரிலோ இனிஷியலிலோ வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எம்.டி., எம்.எஸ். போன்ற மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிடத்தை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. டாக்டராகி மேலே படிக்கப் போகும் மகள் இந்தச் சான்றை நம்பியிராமல் மதிப்பெண்ணில் கவனம் வைக்கட்டும்.

விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். பதினொன்றாவது முடிந்து கோடை லீவில் ஊருக்கு வரும்போதே சான்றை வாங்கிவிட்டால், கடைசி நேர அலைச்சல் மிச்சம்.