வ.உ.சி. மீதான 1908 வழக்கைக் கண்டித்து அறிக்கை

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விசைத்தறி, லாரி, ஜவ்வரிசி, கோழிப்பண்ணைத் தொழில்களில் உள்ள எமது சங்க உறுப்பினர்களாகிய நாங்கள், வ.உ.சிதம்பரம் பிள்ளை மீது 1908-இல் தொடரப்பட்ட ராஜத்துரோக வழக்கையும், அதன் வழியாக அவரது கப்பல் நிறுவனம் ஒழிக்கப்பட்டதையும் வன்மையாகக் கண்டிக்கிறோம். காலம் கடந்த கண்டனம் என்று இதைக் கருத வேண்டாம். சென்னை உயர்நீதிமன்றம் அவருடைய தண்டனையைக் குறைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை நீக்கவில்லை.

வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று சட்டப்படி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை எடுத்தார்.

முதலில் கப்பல்களை வாடகைக்குக் கொடுத்த ஷா லைன் நிறுவனத்தை, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி மிரட்டிப் பின்வாங்க வைத்தது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு பயணிகளை இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வைத்திருக்கும் எமது உறுப்பினர்கள் வாடகைப் போட்டியை அன்றாடம் பார்க்கிறவர்கள். அதில் வரும் நட்டத்தைத் தாங்கிக்கொள்கிறோம். போட்டியாளரின் வேலையை அரசு வழக்கு மூலம் முடித்துக் கொடுப்பதை ஏற்க மாட்டோம்.

வ.உ.சி. ஈட்டியதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டப்பிடாரத்தில் வக்கீலாக இருந்தபோது ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் வாங்காமல் நடத்தினார். தூத்துக்குடியில் தர்ம சங்க நெசவுச் சாலையைத் தொடங்கினார். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கினார், நிதி திரட்டினார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அந்த மில் ஹார்வி நிறுவனத்துடையது. தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ஏஜெண்டும் அதே ஹார்வி நிறுவனம்தான்.

வேலைநிறுத்தம் முடிந்த சில நாட்களில், மார்ச் 12 அன்று, அவர் கைது செய்யப்பட்டார். அதை எதிர்த்து மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொந்தளித்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர்.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். ஒன்று வ.உ.சி. பேசியதற்கு. மற்றொன்று, சுதேசி இயக்கப் பேச்சாளர் சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவாவுக்குத் தன் வீட்டில் இடமும் சோறும் கொடுத்தது இப்படிக் குற்றமாயிற்று.

கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்ற வைத்தனர். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினர். பங்குகளை விற்கவும் கணக்குப் பார்க்கவும் கப்பல் பேரம் பேசவும் தெரிந்த ஒருவரை அந்தச் செக்கை மட்டும் வைத்து நினைவுகூர்வது எமக்கு உடன்பாடில்லை.

அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி கலைக்கப்பட்டது. 'காலியா' கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கே விற்கப்பட்டது. எமது கண்டனத்தின் மையம் இதுவே. வழக்கில் தண்டனை பெற்றவர் ஒருவர். 25 ரூபாய் போட்ட பங்குதாரர்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர்களின் கப்பல் எதிரியிடம் போய்ச் சேர்ந்தது.

இது அன்றோடு முடிந்த கதை அல்ல. ரஷ்யாவில் யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் மிகைல் கோதர்கோவ்ஸ்கி 2003 அக்டோபரில் கைதானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனத்தின் முதன்மை உற்பத்திப் பிரிவு ஏலம் விடப்பட்டு, அரசு நிறுவனமான ராஸ்நெஃப்ட்டிடம் சென்றது. அவர் நடத்திய ஓபன் ரஷ்யா அறக்கட்டளையின் கணக்குகள் 2006-இல் முடக்கப்பட்டன. யூகோஸ் அவர் கைக்கு வந்த விதம் பற்றிய கேள்விகள் தனி. வழக்கின் பின்னே சொத்து கைமாறும் முறை ஒன்றே.

எமது ஊர்க்காரரான சேலம் சி.விஜயராகவாச்சாரியாருக்கு 1882 சேலம் கலவர வழக்கில் 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பறிபோன நகராட்சி உறுப்பினர் பதவியை வழக்காடி மீட்டார், 100 ரூபாய் இழப்பீடும் பெற்றார். அதே அரசின் கீழ் வ.உ.சி.க்கு அந்த நீதி கிடைக்கவில்லை. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். பறிக்கப்பட்டதில் அந்தச் சன்னது ஒன்றுதான் திரும்பி வந்தது.

தூத்துக்குடி துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தப் பெயர்ப்பலகை பின்ஹேயின் தீர்ப்பை மாற்றாது. அத்தீர்ப்பு அநீதியானது என்றும், சுதேசி கப்பல் நிறுவனம் முறையாக நடந்த தொழில் என்றும் மத்திய, மாநில அரசுகள் அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டும் என எமது சங்கம் கோருகிறது.

இவ்வறிக்கை உறுப்பினர்களின் ஒருமனதான தீர்மானத்தின்படி வெளியிடப்படுகிறது.

– செயற்குழு