பள்ளியின் நிலம் யாருடையது?

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் தேய்ந்தமைக்குப் பெற்றோரின் பற்றின்மையே காரணமென மேடைதோறும் முழங்குவோர் உளர். அவர்களுள் எத்தனை பேர் தம் மக்களைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர் என்பது வேறு கதை. வரலாறு கூறுவதோ பிறிதொன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறார் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி நடத்தும் கடமையை முதலாளியிடமே ஒப்படைத்தது. பால்மரக் காட்டோரக் கொட்டகையும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் அமர்ந்ததும் அதன் விளைவுகள். தொழிலாளி தோட்டத்தை விட்டகலாதிருக்க வேண்டுமென்பதே கொடுத்தவரின் நாட்டம், கல்வியன்று. 1956-இல் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றது. நன்று. ஆயினும் நிலம் தோட்டத்தாருடையதாகவே நின்றது. அத்தகைய பள்ளிகள் பகுதி உதவி பெறுவனவாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது மக்கள் பெயர்ந்தனர்; பள்ளியால் பெயர இயலவில்லை. 1957-இல் 800-க்கு மேல் இருந்தவை இன்று 500-க்குச் சற்றே மிகுதி. பெற்றோரைச் சாடும் நாவலர்கள் முதலில் அப்பள்ளிகளின் நிலப்பட்டாவைப் புரட்டிப் பார்க்கட்டும்.