கடலுக்கு ஒரு நியாயம், கரைக்கு ஒரு நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பனைமரத்தை வெட்டுகிறவர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டும் என்று வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மரம் யாருடைய பட்டாவில் நிற்கிறது, அதை வெட்டாமல் வைத்திருப்பதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் தருவைகுளத்துக்காரன். எங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கக் காலம். அதற்காக மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்தியும் இருக்கிறது. அது எந்த மூலைக்குக் காணும் என்பது தனிச் சண்டை. கடல் பிழைக்க வேண்டும் என்று தொழிலை நிறுத்துகிறவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையாவது அரசு ஒப்புக்கொண்டிருக்கிறதே. ஊரைத் தாண்டி ஓட்டப்பிடாரம் பக்கம் நாலு மைல் உள்ளே போனால், பனை வைத்திருப்பவருக்கு இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை.

2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வேரோடு வெட்டி விற்கவும் செங்கல் சூளைக்கு எரிக்கவும் தடை, தவிர்க்க முடியாவிட்டால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் மரம் ஏற ஆள் இல்லை. கள் இறக்கக் கூடாது. பதநீர் இறக்கினால் காய்ச்சிக் கருப்பட்டியாக்க விறகுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். மகளுக்குக் கல்யாணம், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று வரும் நாளில், சூளைக்கு மரம் பிடிக்கும் வியாபாரி விடியற்காலையில் வந்து, ஒவ்வொரு மரத்தின் தூரிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போவார். வரப்பு முடிகிற இடத்தில் நின்று ரூபாயை எண்ணுவார். அந்த நேரத்தில் பட்டாதாரரிடம் "வெட்டாதே" என்று சொல்ல அரசிடம் தடை இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

உரிமையாளருக்கு எதுவும் தராமல் தடை மட்டும் போடுவது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1949-ல் வந்த தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் மரம் வெட்டவும் காட்டை விற்கவும் அனுமதி வாங்கு என்றுதான் உரிமையாளரிடம் சொன்னது.

இதைவிடக் கொடுமை, புதுக் கன்று நடுகிறவனுக்குப் பணம் உண்டு. நீடித்த பசுமைப் போர்வைத் திட்டத்தில் கன்றும் இலவசம். பிழைத்து நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று வருடம், வருடத்துக்கு 7 ரூபாய். பனை விதையையும் லட்சக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தார்கள். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பலனுக்கு வரவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். தாத்தா நட்டு, மண்ணைப் பிடித்துக்கொண்டு, ஓலைக்கு ஓலை தூக்கணாங்குருவிக் கூடு தொங்க நிற்கிற மரத்துக்கு ஏழு காசு கிடையாது. அப்படியானால் வெட்டிவிட்டு அதே இடத்தில் கன்று நடுவதுதான் லாபம் என்று அரசே சொல்லிக்கொடுக்கிறதா?

சொந்த மரத்தைக் காக்க அரசு கூலி தர வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2020-லேயே நெல்வயலைத் தரம் மாற்றாமல் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் 'ராயல்டி' என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். வயல் தேக்கும் தண்ணீர் ஊருக்கே பயன்படுகிறது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். கோஸ்டாரிகா என்ற சின்ன நாடு 1997 முதல் பெட்ரோல், டீசல் வரியில் ஒரு பங்கை எடுத்துத் தனியார் காட்டுக்காரர்களுக்குத் தருகிறது. நம்மிடம் பணம் இல்லையென்று சொல்ல முடியாது. தூத்துக்குடியைச் சுற்றி எத்தனை அனல்மின் நிலையங்கள், எத்தனை ஆலைகள்! சமூகப் பொறுப்பு நிதியில், சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று பேனர் கட்டிக் கன்று நடுகிறார்கள். அடுத்த ஜூன் 5-க்கு அதே குழி காலியாக இருப்பதில் ஒரு வசதி, மறுபடி தோண்ட வேண்டியதில்லை.

அந்தப் பணத்தை நிற்கிற மரத்துக்குத் திருப்புங்கள். பட்டா நிலத்திலுள்ள பனை, உடைமரங்களைக் கிராம நிர்வாக அலுவலர் எண்ணி எழுதட்டும். ஆண்டுக்கொரு முறை மரம் இருக்கிறதா என்று கிராமசபையில் வாசிக்கட்டும். இருந்தால் உரிமையாளர் வங்கிக் கணக்கில் பணம், இல்லாவிட்டால் இல்லை. சோதனையாக ஓட்டப்பிடாரம் வட்டத்தில் மட்டும் தொடங்கினாலும் சரி, சூளை வியாபாரி வருவதற்குள் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டாதாரர் ஒருவர்,
தருவைகுளம், தூத்துக்குடி மாவட்டம்.